அறுபது மூச்சு

மூளை அலைப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மூன்று நிமிடம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்க வேண்டும். வாங்கச் சொல்வது பரிசோதனை செய்பவரின் வேலை. வாங்குவது நோயாளியின் வேலை. திருவண்ணாமலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த நரம்பியல் கிளினிக்கில் அந்தப் பரிசோதனையைச் செய்துவந்த பெண்மணி இரண்டு வேலைகளையும் தானே செய்தார். வருகிற ஒவ்வொருவரோடும் சேர்ந்து அவரும் மூச்சு வாங்கினார்.

நோயாளியின் தலையில் பசை தொட்டு வயர்களை ஒட்டி முடித்ததும் இரண்டு வாக்கியங்கள் சொல்வார். முதலாவது, படுத்திருப்பவருக்கு: "கண்ணை மூடிக்குங்க. நான் இழுக்கறப்ப இழுங்க, விடறப்ப விடுங்க." இரண்டாவது, துணைக்கு வந்தவருக்கு: "நான் எண்றதைக் கவனிச்சுக்கினே இருங்க. நடுவுல விட்டுப்போச்சுன்னா சொல்லுங்க." பிறகு ஆரம்பிப்பார். ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஓர் எண். ஒன்று முதல் அறுபது வரை. நிமிடத்துக்கு இருபது. அதற்கு அவருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. என் கைக்கடிகாரத்தோடு நான்கு முறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அதிகபட்ச வித்தியாசம் இரண்டு நொடி.

முடிந்ததும் துணைக்கு வந்தவரைப் பார்த்து, "விட்டுப்போச்சா?" என்று கேட்பார். எல்லோரும் இல்லை என்பார்கள். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில், அன்றைய தாளின் ஓரத்தில், பென்சிலால் ஒரு சிறு கோடு போடுவார். சாயங்காலம் அந்தத் தாளைக் கிழித்து, மற்றவர்களைப் போலக் கசக்கிப் போடாமல், நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். நான் இதைக் கவனித்தது மூன்றாவது முறை போனபோது. காரணம் கேட்டது நான்காவது முறை போனபோது.

அவர் ஏன் கூடவே மூச்சு வாங்குகிறார் என்பதற்கு அந்தக் கட்டடத்தில் பல விளக்கங்கள் இருந்தன. கீழே மருந்துக் கடைக்காரர், அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா என்றார். வாரம் இரண்டு நாள் வேலூரிலிருந்து வரும் டாக்டர், பேஷண்டுக்குத் தைரியம் வருவதற்காகச் செய்கிறார்கள், நல்ல வழக்கம் என்றார். டீ கொண்டுவரும் பெண், அந்தம்மா வேலை நேரத்திலேயே யோகாவை முடித்துக்கொள்கிறது, வீட்டில் எங்கே நேரம் என்றாள்.

டீ விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூன்று நான்கு பேரை முடித்தபிறகு வரும் டீயை அவர் உடனே எடுக்க மாட்டார். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கும். எடுத்தால் நழுவும். விரல் திரும்பி வருவதற்குள் டீ ஆறிவிடும். அவர் அங்கே சூடான டீ குடித்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை ஒரு போலீஸ்காரர் வந்திருந்தார். கட்டிலைவிடக் கொஞ்சம் நீளமானவர். இருபதாவது மூச்சில் போதும் என்று நிறுத்திவிட்டார். பரிசோதனை செய்தவர் திட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று தனியாகப் போய்க்கொண்டே இருந்தார். முப்பத்துநான்கில் போலீஸ்காரர் மறுபடி சேர்ந்துகொண்டார். அறுபது முடிந்ததும் இவர், "நடுவுல பதிமூணு பாக்கி இருக்கு சார். அறுபத்தி ஒண்ணுலருந்து வாங்கிடலாமா?" என்றார். போலீஸ்காரர் வாங்கினார். இவரும் கூட வாங்கினார்.

*

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த காரணம் என் மகள் அபி. அதில் என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது.

அபிக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவள், "ஏழாறு" என்று நிறுத்தினாள். கண் திறந்திருந்தது. இமை ஆடவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. பதினொரு நொடி கழித்து, "நாப்பத்திரண்டு" என்றாள். பிறகு ஏழேழுக்குப் போனாள்.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பேன். எங்கள் ஜன்னலிலிருந்து மலை தெரியும். இந்த ஊரில் கண்ணைத் திறந்துகொண்டு அசையாமல் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களை யாரும் எழுப்புவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நடப்பார்கள். நான் புது நோட்டு ஒன்று வாங்கி நான்கு பத்திகள் கோடு போட்டேன். தேதி, நேரம், எத்தனை நொடி, நிலை. நான்காவது பத்தியில் 'மலை நோக்கி' அல்லது 'மலை நோக்காமல்' என்று எழுதிவந்தேன். மலை நோக்காமல் வந்தவை அதிகமாக இருந்தன. அதையும் குறித்தேன். அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை.

முடிவுக்கு வந்தது என் அக்கா. அவர் அடி அண்ணாமலையில் ஆறு அறைகள் கட்டி, வெகுதூரத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மௌனத்தைத் தினமும் பார்க்கிறவர். அபி தோசையைப் பிட்ட கையோடு நின்றுபோனதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க மாடியில ஒருத்தர் இருபது வருஷமா உக்காந்துக்கினு இருக்காரு. அவருக்கே இன்னும் வரல. இவளுக்கு தோசை துன்றப்பவே வருதுடா."

அதன்பிறகு சனிக்கிழமை மாலைகளில் அபி அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஒரு பாயில் உட்கார்ந்தாள். எதிரே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். யாரும் காசு கேட்கவில்லை, கொடுக்கவுமில்லை. அபிக்கு வாராவாரம் ஒரு பிஸ்கட் பாக்கெட் கிடைத்தது, அவளுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. பிறகு தங்கவந்தவர்களில் ஒருவர் அங்கே மூச்சுப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார். வேகமாக இழுத்து வேகமாக விடுவது. அபியும் செய்தாள். முதல் நாளே கால் மணி நேரத்தில் ஆறு முறை நின்றுபோனாள். எல்லோரும் கைகூப்பினார்கள். ஒரு பெண்மணி அழுதார். 'மூச்சுப் பயிற்சி நாட்களில் நிலை மிகுதி' என்று எழுதி நான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, கிரிவலப் பாதையில் அபி சைக்கிளில் நேராகப் போய் ஓர் இளநீர் வண்டியில் மோதினாள். தாடையில் மூன்று தையல். வண்டி பச்சைப் பெயின்ட் அடித்தது, மேலே குடையோடு எட்டடி உயரம். தையல் போட்ட டாக்டர், வண்டி வந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். எந்த வண்டி என்று அபி கேட்டாள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, அந்த மருந்துக் கடை மாடியின் விலாசத்தை எழுதிக்கொடுத்தார்.

*

முதல் பரிசோதனை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. பதினான்காவது மூச்சில் அபி நின்றுவிட்டாள். அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. திரையில் அதுவரை தூறல் மாதிரி இருந்த கோடுகள் சீப்பின் பற்கள் போல எழுந்து நின்றன. அவர் பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில், சாதாரணக் குரலில், "வெண்டைக்காய்" என்றார். பத்தொன்பதில் சீப்பு மறைந்தது. அபி மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தாள்.

எல்லாம் முடிந்ததும் கேட்டார். "பாப்பா, நடுவுல நான் ஒரு காய் பேரு சொன்னேன். என்ன காய்?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே ஆன்ட்டி. ஒண்ணு ரெண்டுதான் சொன்னீங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். நோயாளி நினைவு விட்டு நின்றாரா, சும்மா நிறுத்தினாரா என்று தெரிந்துகொள்ள அப்படி ஒரு சொல்லைப் போட்டு வைப்பார்களாம். பிறகு கேட்டால், நினைவு விட்டவருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்காது. காய்கறிப் பெயர்தான் சொல்வார். சாமி பெயர் சொன்னால் கேட்காதவர்கள்கூடக் கேட்டது என்று சொல்லிவிடுகிறார்கள் என்றார்.

என்ன வியாதி என்று நான் கேட்டதற்கு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், எனக்கு மூச்சைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்றார். சரி, மூச்சைப் பற்றியே சொல்லுங்கள் என்றேன். ஜன்னல் வழியாக எதிரே இருந்த சோடாக் கடையைக் காட்டினார்.

"சோடாவைத் திறந்து வெச்சா என்ன ஆவுது? கேஸ் போயிடும். சுர்ருனு இருக்கறது போயிடும். அந்தச் சுர்ருதான் சார் புளிப்பு. நம்ம ரத்தத்துலயும் அதே கேஸ்தான் இருக்கு. வேகமா மூச்சு வாங்கினா வெளிய போயிடுது, உடம்புல புளிப்பு கம்மியாயிடுது. மூளையில ஒவ்வொரு செல்லுக்கும் அந்தப் புளிப்புதான் பிரேக். அது கம்மியானா செல்லுங்க எல்லாம் ஒண்ணா கத்த ஆரம்பிச்சிடும். நமக்கு ஒண்ணும் ஆவாது, விரலு மரத்துப்போவும், அவ்ளோதான். பாப்பா மாதிரி இருக்கறவங்களுக்கு லைட் அணைஞ்சி அணைஞ்சி எரியும்."

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அடுத்த நோயாளி வெளியே காத்திருக்க, அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். மூச்சுப் பயிற்சி பற்றிய இடத்தில், இரண்டு அடிக்கோட்டின் மேலும் விரலை வைத்து நகர்த்தினார்.

"இவ்ளோ கரெக்டா யாரும் எழுதிக்கினு வந்ததில்ல சார்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நிலைன்னா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டறப்ப அந்தப் பத்தியை மட்டும் கையால மறைச்சுக்குங்க" என்றார்.

கிளம்பும்போது சைக்கிளைப் பற்றிக் கேட்டார். பூட்டிவைக்கப்போகிறேன் என்றேன். சாவியை வீட்டில் வைக்கக் கூடாது என்றார். வீட்டில் இருந்தால் ஒருநாள் நமக்கே மனசு இளகிவிடும், வெளியாள் கையில் கொடுத்துவிட வேண்டும். கீழே மருந்துக் கடையில், பில் குத்திவைக்கும் கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அபியின் சைக்கிள் சாவி அதில் தொங்கியது. மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அபி அதைப் பார்த்துவிட்டு வருவாள்.

*

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நேராகக் கிளினிக்குக்கே வந்துவிட்டார். வகுப்பு நடத்துகிறவர் எத்தனை ஊர் பார்த்தவர், நீ என்ன படித்திருக்கிறாய், மூச்சு வாங்கினால் வியாதி வரும் என்று எந்த நாட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்று படியேறும்போதே ஆரம்பித்தவர், அறைக்குள் வந்தும் நிறுத்தவில்லை. இவர் கேட்டுக்கொண்டே கட்டிலின் விரிப்பை மாற்றினார்.

"வியாதி வராதும்மா. இருக்கறது தெரியும். நீங்களே ஒரு தடவை பாருங்களேன். வயர்லாம் வேணாம், சும்மா உக்காந்து."

அக்கா சவாலுக்குப் பின்வாங்குகிறவர் அல்ல. இரண்டு பேரும் எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து அறுபது மூச்சு வாங்கினார்கள். முடிந்ததும் அக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். முகம் மாறியிருந்தது.

"கை ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல. உதட்டுல எறும்பு ஊர்றாப்புல இருக்குது. உள்ள என்னமோ கழண்டுக்கினு போவுது." குரல் தழைந்தது. "இது இன்னான்னு தெரியுமாம்மா உனக்கு?"

"கேஸ் கம்மியாயிடுச்சும்மா. ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்."

அக்கா இரண்டு நிமிடம் காத்திருந்தார். சரியாகிவிட்டது. அதற்காக அக்கா அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனால் அபியை மொட்டைமாடிக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம், குழந்தை ஏகாந்தத்தில் இருக்கிறாள் என்று சொன்னதாகக் கேள்வி. அபி அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தாள்.

டாக்டர், இது உடம்பு உதறாத ஒருவகை வலிப்பு என்று சொல்லி மாத்திரை எழுதியிருந்தார். மாத்திரை வேலை செய்தது. முதல் வாரம் நாளுக்கு நான்கு முறை நின்றாள், பிறகு இரண்டு, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். ஏழாவது வாரம் புதன்கிழமை, மாலை ஐந்து இருபத்தாறு, நான்கு நொடி. அதற்குப் பிறகு நோட்டில் பதிவு இல்லை. கோடு போட்ட பக்கங்கள் மீதி இருந்தன.

எழுத ஒன்றுமில்லாததால் நான் படிக்க ஆரம்பித்தேன். மாவட்ட நூலகத்தில் கிடைத்தவற்றையும், கிடைக்காதவற்றைக் கைப்பேசியிலும் படித்தேன். நரம்புச் செல் ஒவ்வொரு முறை செய்தி அனுப்பும்போதும் அதன் உள்ளே புளிப்பு சற்று ஏறுகிறது. ஏறியதும் செல்லின் சுவரிலிருக்கும் சில வாசல்கள் ஒடுங்கிக்கொள்கின்றன. ஓடினவனுக்கு மூச்சிரைத்து அவனே நிற்பது போல, வேலை செய்ததாலேயே வேலை மட்டுப்படுகிறது. செல் பிறகு அந்தப் புளிப்பை வெளியே இறைத்துவிட்டுப் பழைய அளவுக்கு வருகிறது. அது மட்டுமல்ல. ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும் செய்திச் சரக்கு, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகளில் ஏற்றப்படுகிறது. பையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடப் புளிப்பு. அந்த வித்தியாசத்தின் பலத்தில்தான் சரக்கு பைக்குள் ஏறுகிறது. புளிப்பு போய்விட்டால் பை காலியாகவே போய்ச் சேரும். ஆகவே புளிப்பு கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. இவ்வளவு நுட்பமான ஓர் அளவை நம்பித்தான் ஏழாறு நாற்பத்திரண்டு என்று ஒருவர் நிறுத்தாமல் சொல்கிறார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். பசைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அது உங்க புஸ்தகத்துல இருக்கட்டும் சார். எனக்கு அறுபது வரைக்கும்தான் தெரியும்" என்றார்.

*

நான்காவது முறை போனது ஒரு பௌர்ணமி நாள். ஊரே கிரிவலக் கூட்டத்தில் அடைத்துக்கிடந்தது, வேறு நோயாளிகள் யாரும் வந்துசேரவில்லை. வயர்களை ஒட்டி முடித்த நேரத்தில் கரண்ட் போனது. இன்வர்ட்டரும் இழுக்கவில்லை. அபி தலையில் வயர்களோடு தூங்கிவிட்டாள். காலண்டர் தாளை ஏன் எடுத்துப்போகிறீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் விசிறியால் அபிக்கு வீசிக்கொண்டிருந்தார். வீசுவதை நிறுத்தாமல் சொன்னார்.

"எனக்கும் இருந்தது சார். பாப்பாவுக்கு இருக்கறது."

எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். நயினார் குடும்பம், அதாவது தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்திலேயே விவசாயம் பார்க்கும் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள், நோன்புகள் அதிகம். நோன்பு இருக்கும் நாட்களில் அவருக்கு அது வருவதில்லை என்பதை அவருடைய அம்மா கண்டுபிடித்தார். நோன்பின் பலன் என்று நினைத்து மேலும் மேலும் நோன்பு வைத்தார். வராமல் இருந்தது. வைத்தியமாகவும் ஆயிற்று, புண்ணியமாகவும் ஆயிற்று.

"பட்டினி கெடந்தா கொழுப்பு கரைஞ்சி உடம்புல புளிப்பு ஏறும். பிரேக் புடிக்கும். டிப்ளமா படிக்கறப்பதான் சார் எனக்கே தெரிஞ்சது. நீங்க நிலைன்னு பேரு வெச்சீங்க. எங்கம்மா பலன்னு வெச்சாங்க."

பதினான்கில் தானாக நின்றுவிட்டது. பலருக்கு அப்படி நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா கல்யாணம் நடந்திருக்காது. இப்ப சொன்னா, இத்தனை வருஷம் ஏன் சொல்லலேன்னு ஆரம்பிக்கும்."

இதே இயந்திரத்தில் ஒருநாள் உங்களைப் பரிசோதித்துக்கொண்டால் என்ன என்றேன். பேர் போடாமல் எடுக்க முடியாது, எடுத்தால் டாக்டர் பார்ப்பார், தன் வீட்டுக்காரர் டாக்டருக்குப் பழக்கம் என்றார்.

"அதான் தினம் இவங்களோட சேர்ந்து வாங்கிப் பாத்துக்கறேன். வர்றதா இருந்தா இதுல வந்துடும். ஆனா வந்தா எனக்கே தெரியாதில்ல? பாப்பாவுக்கு வண்டி தெரியல பாருங்க. அதான் எண்றேன். எண்ணிக்கை நின்னா வெளியாளுக்குத் தெரியும்."

காலண்டர் தாளில் போட்ட கோடுகள் அவை. விட்டுப்போகவில்லை என்று வெளியாள் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் ஒன்று.

நான் ஒரு கேள்வி கேட்டேன். யாராவது ஒருநாள் விட்டுப்போனது என்று சொன்னால்?

விசிறி நின்றது. "தினம் இருபது கிலோமீட்டர் ஸ்கூட்டியில போறேன் சார். காலையில ரெண்டு பசங்களையும் பின்னால உக்காரவெச்சிக்கினு வந்துதான் ஸ்கூல்ல விடறேன்." மறுபடி வீச ஆரம்பித்தார். "சொன்னா அன்னிக்கே சாவியைக் குடுத்துடுவேன். அதுக்குத்தான் கேக்கறது."

கரண்ட் வந்தது. அபியை எழுப்பினோம். அன்றைக்கு அறுபதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். விட்டுப்போகவில்லை.

*

கடைசிப் பரிசோதனை, மாத்திரை ஆரம்பித்து இரண்டு வருடம் முடிந்தபிறகு. அது சரியாக இருந்தால் மாத்திரையைக் குறைக்கலாம், சைக்கிள் சாவியும் கிடைக்கலாம். அபி முந்தைய நாளே தலைக்குக் குளித்துத் தயாராக இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, மாலை மூன்று மணி ஐந்து நிமிடம். அன்று அதற்கு முன்பே எட்டுப் பேரை முடித்திருந்தார். அவர் பையனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், சரியாகத் தூங்கவில்லை என்று பசை தடவும்போது சொன்னார். டீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

வழக்கமான இரண்டு வாக்கியங்களைச் சொன்னார். இரண்டாவதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பது வரை நான் அபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் தூறல்தான் இருந்தது. அபி நன்றாக, ஒரே சீராக வாங்கினாள். அவளுக்கு இது ஐந்தாவது முறை.

"முப்பத்தொம்போது. நாப்பது. நாப்பத்தி ஒண்ணு."

நாற்பத்திரண்டு வரவில்லை.

நான் திரும்பினேன். அவர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. இமை ஆடவில்லை. இந்த உலகத்தில் நான் ஏதாவது ஒன்றைத் துல்லியமாகப் பார்த்துப் பழகியிருக்கிறேன் என்றால் அது இதுதான். கடிகாரத்தைப் பார்த்தேன். அபி கண்ணை மூடியபடி, எண்ணிக்கை இல்லாமலேயே, தானாக ஒரு மூச்சு வாங்கினாள். இரண்டாவது வாங்கினாள். நான் அவர் காதுக்குக் கேட்கும்படி, சாதாரணக் குரலில், "பூசணிக்காய்" என்றேன். அபி மூன்றாவது மூச்சை விட்டாள்.

"நாப்பத்திரண்டு" என்றார் அவர். பிறகு அறுபது வரை போனார்.

வயர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அபியின் முடியிலிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்தார். கை கழுவப் போகச் சொல்லி அவளை வெளியே அனுப்பினார். பென்சிலை எடுத்துக்கொண்டு காலண்டரிடம் போனார்.

"விட்டுப்போச்சா சார்?"

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் வாயில் இருந்தது. வீட்டில் காய்ச்சலில் கிடந்த பையன், திங்கட்கிழமை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரப்போகிறவன், அவனை நான் பார்த்ததில்லை.

"நடுவுல நான் ஒரு காய் பேரு சொன்னேங்க. என்ன காய்?"

அவர் திரும்பவில்லை. பென்சில் தாளின் ஓரத்தில் தொட்டபடியே நின்றது. கீழே சோடாக் கடையில் யாரோ பாட்டில் திறந்தார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார். சொன்னபிறகு, அது யாருடைய பதில் என்று அவருக்கே தெரிந்தது.

"எத்தினில?"

"நாப்பத்தி ஒண்ணுக்கு அப்புறம்."

"எவ்ளோ நேரம்?"

"ஒம்போது நொடி."

"கண்ணு?"

"சிமிட்டலங்க."

பென்சிலை மேசைமேல் வைத்தார். உருண்டது, பிடித்து நிறுத்தினார். "நோட்டு கொண்டாந்திருக்கீங்களா? எழுதிடுங்க. அப்புறம் நானே இல்லேன்னு சொல்லிடுவேன்" என்றார். நான் எழுதினேன். தேதி, நேரம், ஒன்பது நொடி. நான்காவது பத்தியை விட்டுவிட்டேன்.

கைப்பையிலிருந்து ஸ்கூட்டிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "கீழ மெடிக்கல்ல குடுத்துடுங்க. பஸ்ல போய்க்கறேன்." ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார். "வேலை முடிஞ்சி பஸ்ல போறதுக்குள்ள இருட்டிடும். இன்னிக்கு ராத்திரி சாப்பாடு கெடையாது." பிறகு, "பரவால்ல. அது இதுக்கு நல்லதுதான்" என்றார்.

வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"பஸ்ல ஒரு மணி நேரம் இருக்குதே. யோசிச்சுக்கறேன். டாக்டர்கிட்டயும் நானே சொல்லிடறேன், பேரு போட்டே எடுக்கட்டும்."

சாவியைக் கீழே கொண்டுபோனேன். மருந்துக் கடைக்காரர் அதை வாங்கி, அதே ஆணியில், சைக்கிள் சாவியின் மேலேயே மாட்டினார். அபி சைக்கிள் சாவியைப் பார்த்தாள். டாக்டர் சொல்லட்டும் என்றேன். சரி என்றாள்.

பாதி வழி போனபிறகுதான் நோட்டை மாடியிலேயே மறந்து வைத்துவிட்டது ஞாபகம் வந்தது, திரும்பிவந்து ஏறினேன். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே போயிருந்தார். வாசலில் துணித்திரை போட்டிருந்தது. வயர்களை ஒட்டி முடித்து அவர் பேசுவது கேட்டது.

"கண்ணை மூடிக்குங்க. நீங்க வாங்குங்க, நான் எண்றேன்."

துணைக்கு வந்தவரிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தபடி அறுபது வரைக்கும் கேட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.